போகும்போது பனி, வரும்போது வெயில்

1

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து ஏழு ஆண்டுகள் நிறைந்த வாரத்தில்தான் ஒரேஷின் என்ற பெயர் மறுபடி என் வீட்டுக்குள் வந்தது.

இங்கே நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்புகளைப் பராமரிக்கிறேன். அலுவலகத்தில் எவருக்கும் என் பெயர் தெரியாது. குடிவரவு அதிகாரி முதல் நாளே என் தகப்பனாரின் பெயரைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார். திருத்தித் தரும்படி மூன்று அலுவலகங்களுக்கு எழுதினேன். மூன்றிலிருந்தும் 'அன்புள்ள மிஸ்டர் கந்தையா' என்றுதான் பதில் வந்தது. ஆகவே, ஊரில் காலமாகிவிட்ட கந்தையா ரொறன்ரோவில் தினமும் காலையில் சப்வே பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

மகள் சாந்தி பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கிறாள். கணக்கியல் படிப்பாள் என்று நம்பி அனுப்பினேன். முதலாண்டின் நடுவில் பாடத்தை மாற்றிக்கொண்டாள், மாற்றியது எனக்கு இரண்டாமாண்டில்தான் தெரிந்தது. வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் விளங்கும். பேசும்போது பாதி வாக்கியம் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் போகும், எந்தப் பாதி எங்கே முறியும் என்று சொல்ல முடியாது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் சொன்னாள்: "அப்பா, எனக்கு ஜொப் கிடைச்சிருக்கு. ஒரு ஃபேமஸ் ரஷ்யன் டிரெக்டர். அவரின்ரை ஒட்டோபயோகிரஃபியை ரைப் பண்ணித் திருந்திறன்."

"அவரின்ரை புத்தகம் என்ன களவெடுத்ததோ, திருந்திறதுக்கு?" என்றாள் என் மனைவி.

பிழையைப் போக்குவது திருத்துவது, கெட்டவன் நல்லவனாவது திருந்துவது என்று நான் விளக்கினேன். சாந்தி தோளைக் குலுக்கிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். பிறகு, அந்தப் புத்தகத்தில் யாழ்ப்பாணம் பற்றி ஒரு அத்தியாயம் இருப்பதாகவும், அந்த ஆளின் பெயர் கிளெப் ஒரேஷின் என்றும் சொன்னாள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

2

ஊரில் இருக்கும் உங்களில் சிலருக்கு ஒரேஷினை நினைவிருக்கலாம். அறுபதுகளில் அவருடைய படங்கள் தகரப் பெட்டிகளில் கொழும்புக்கு வரும். அங்கிருந்து நாங்கள் ரயிலில் யாழ்ப்பாணத்துக்கு வருவிப்போம். நான் அப்போது அரச கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞன், மாலையில் எங்கள் திரைப்படக் கழகத்தின் செயலாளர்.

அந்நாளில் படப்பெட்டியோடு ஒரு சிறு வரலாற்றுப் புத்தகமும் வரும். அதன்படி ஒரேஷின் வோல்கா நதிக்கரையில் ஒரு ரயில்வேத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். போர்க்காலத்தில் களமுனையில் நின்று செய்திப்படம் பிடித்தவர். பிறகு திரைப்படக் கல்லூரியில் படித்து, 'பனிக்கால விதைப்பு' என்ற முதற்படத்தை எடுத்தவர். அதற்கு அரச பரிசு. பின்னர் அணைக்கட்டைப் பற்றி ஒரு படம், உருக்காலையைப் பற்றி ஒரு படம், விண்வெளி வீரனின் தாயைப் பற்றி ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதக்கம். புகைப்படத்தில் அவருடைய கோட்டின் இடப்பக்கம் பாரத்தில் தொங்கும்.

இப்போது சாந்தி தட்டச்சு செய்யும் வரலாறு வேறு. இதில் அவருடைய பாட்டனார் ஒரு மதகுரு. குடும்பம் துன்புறுத்தப்பட்டது. ரயில்வேத் தொழிலாளி எந்தத் தண்டவாளத்தில் போனாரோ, ஆளைக் காணவில்லை. அணைக்கட்டுப் படம் துப்பாக்கி முனையில் எடுக்கப்பட்டது. உருக்காலைப் படம் ஆழ்ந்த எள்ளல், அதைப் பரிசுக் குழுவினர் புரிந்துகொள்ளவில்லை. பதக்கங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஒரு திரைப்பட விழாவுக்குப் போனவர் ஊர் திரும்பாமல் நின்றுவிட்டார். அதுவும், தனக்கு வரவேண்டிய இயக்குநர் சங்கத் தலைவர் பதவி இன்னொருவருக்குப் போன மறு மாதம். இந்தக் கடைசி விவரம் புத்தகத்தில் இல்லை. சாந்தியின் பேராசிரியர் ஒரு விருந்தில் சிரித்துக்கொண்டே சொன்னதாம்.

ஒருவர் தன் நாட்டைவிட்டு வருவதை நான் குறை சொல்லவில்லை. நானும் வந்தவன்தான். ஆனால் பெட்டியோடு பாட்டனாரையும் மாற்றிக்கொண்டு வந்தவரை இவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

3

அவர் யாழ்ப்பாணத்துக்கு ஒரே ஒரு முறை வந்தார். நகர மண்டபத்தில் 'பனிக்கால விதைப்பு' காட்டினோம். கதை எளியது. போரில் கணவனை இழந்த ஒருத்தி கூட்டுப்பண்ணையில் உழைத்து உழைத்துக் களைத்து, ஒரு நாள் தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போக ரயில் நிலையத்துக்கு நடக்கிறாள். அவள் நடக்கும் காட்சி மிக நல்ல காட்சி. இன்றைக்கும் அதைச் சொல்வேன். பனி கொட்டுகிறது, அவள் முகத்தைத் துடைப்பதில்லை, எவரும் ஒரு சொல் பேசுவதில்லை. பிறகு ரயில் நிலையத்தில் சுவரொட்டி ஒன்றைப் பார்க்கிறாள். மனம் மாறுகிறாள். திரும்பி வருகிறாள், டிராக்டரில் ஏறுகிறாள், சுற்றிலும் பெண்கள் பாடுகிறார்கள்.

ஒரேஷினுடன் மொழிபெயர்ப்பாளராக வந்தவள் நீனா என்ற பெண். லெனின்கிராட்டில் தமிழ் படித்தவள், இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. தமிழரோடு பேசிப் பழகாமல் புத்தகத்திலேயே தமிழ் கற்றவள். தேநீர் வேண்டுமா என்று கேட்டால் "விரும்புகின்றேன்" என்பாள். எங்கள் கழகத்துப் பெடியள் அவள் வாயைப் பார்ப்பதற்காகவே ஆளுக்கொரு தேநீர் கொண்டுபோய் நீட்டினார்கள். அவள் எல்லாவற்றையும் விரும்பினாள்.

படம் முடிந்து கேள்வி நேரம். பின்வரிசையிலிருந்து ஒரு பௌதிக ஆசிரியர் எழுந்தார்.

"அந்த மனுசி ஸ்டேஷனுக்குப் போகேக்கை பனி கொட்டுது. திரும்பி வரேக்கை வெயில் எறிக்குது. அப்ப ஸ்டேஷனிலை எத்தினை மாதம் நிண்டவ?"

மண்டபம் சிரித்தது. நீனா மெதுவாக ரஷ்ய மொழியில் சொன்னாள். ஒரேஷினுடைய முகம் இறுகியது. சுருக்கமாக ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குப் பிறகுதான் அதன் பொருள் தெரிந்தது. படத்தின் முடிவு முதலில் வேறாக இருந்தது, யாரும் வற்புறுத்தவில்லை, அதை நானே திருத்தினேன் என்பதுதான் அவர் சொன்னது.

நீனா ஒலிபெருக்கிக்கு முன் வந்து சொன்னாள்: "முதலில் முடிவு வேறாக இருந்தது. என்னை எவரும் வற்புறுத்தவில்லை. நானே திருந்தினேன்."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் திருந்துகிறவர்கள் யார்? குடிகாரன், சண்டியன், பொலிஸில் இரண்டு நாள் வைத்து உதைபட்டு வந்தவன். 'எவரும் அடிக்கவில்லை, நானே திருந்தினேன்' என்று ஒருவன் இறுகிய முகத்தோடு சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கும் தெரியும். உலகப் பெரிய இயக்குநர் ஒருவர் தன் அரசாங்கத்தை எங்கள் முன்னால் பகிரங்கமாக நக்கலடித்துவிட்டார் என்று சனம் எழுந்து நின்று தட்டியது.

ஒரேஷினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கைதட்டலைக் கண்டதும் வலக்கையை நெஞ்சில் வைத்து, இடுப்பை வளைத்து வணங்கினார். இரண்டு முறை.

4

மறுநாள் காலைப் பத்திரிகையில் 'நானே திருந்தினேன்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. விருந்தினர் விடுதிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, கொழும்பிலிருந்து அவர்களோடு வந்திருந்த தூதரக அதிகாரி பத்திரிகையை மேசையில் விரித்து வைத்திருந்தார். ஒரேஷின் நாற்காலியில். நீனா நின்றுகொண்டிருந்தாள்.

என்னை அழைத்து, ஒரேஷின் மேடையில் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லி, பத்திரிகையில் வந்த இந்தச் சொல்லின் பொருள் என்ன என்று கேட்டார்கள். நான் தாளில் இரண்டு சொற்களையும் எழுதிக் காட்டினேன். வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து, 'த்' வரவேண்டிய இடத்தில் 'ந்' வந்துவிட்டது, எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் தடுக்கி விழும் இடம், இதில் வேறு நோக்கம் எதுவும் இல்லை என்று சொன்னேன். அதிகாரி கேட்டுக்கொண்டார். அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஒரேஷின் ஒரு சொல் சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

அவர் சொன்னது இது, ஆங்கிலத்தில், நானும் கேட்கட்டும் என்பதற்காக: "நான் சரியாகத்தான் சொன்னேன். இது மொழிபெயர்ப்பில் வந்த கோளாறு. இந்தப் பெண் வேண்டுமென்றே செய்தாளா என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்."

நீனா அழவில்லை. என்னைப் பார்த்து, தமிழில், "திருத்தினேன், திருத்தினேன்" என்று இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

அந்த வாரமே அவளைத் திருப்பி அனுப்பினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அங்கு போய்வந்த ஒரு தமிழ்ப் பேராசிரியர் சொன்னார், அவள் இப்போது துறைமுகம் ஒன்றில் சரக்குப் பத்திரங்களைத் தட்டச்சு செய்கிறாளாம். தமிழ்த் துறைப் பக்கம் அவளை விடவில்லை.

ஒரேஷினின் புத்தகத்தில் இந்த அத்தியாயம் எப்படி இருக்கிறது தெரியுமா? யாழ்ப்பாணம் என்ற வெப்பமண்டல நகரில் அவர் உயிரைப் பணயம் வைத்து உண்மையைச் சொன்னார். மக்கள் எழுந்து நின்றார்கள். ஆனால் மொழிபெயர்ப்பாளர் வேடத்தில் வந்த இரகசியப் பொலிஸ் உளவாளி நீனா, முழுப் பெயரோடு, அவரைக் காட்டிக்கொடுத்தாள். அதனால் அவருக்குச் சில ஆண்டுகள் வெளிநாட்டுப் பயணம் மறுக்கப்பட்டது.

மறுக்கப்பட்ட அந்த ஆண்டுகளில் அவர் கொழும்புக்கே இரண்டு முறை வந்துபோனார். விமான நிலையத்தில் பூச்செண்டு கொடுத்த குழுவில் நானும் ஒருவன். கடைசி வரிசையில் நின்றேன், பூச்செண்டை நான் தொடவில்லை.

5

யாழ்ப்பாண அத்தியாயத்தைத் தட்டச்சு செய்த பெண்ணின் தகப்பன் அதே மண்டபத்தில் இருந்தவர் என்று தெரிந்ததும் ஒரேஷின் துள்ளிக் குதித்திருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்துவிட்டார். பன்னிரண்டாம் மாடி, லிஃப்ட் பழுது. ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அவருக்கு நினைவில்லை. "மிஸ்டர் கந்தையா" என்று கட்டிப்பிடித்தார். இடியப்பத்தைக் கையால் சாப்பிட்டார், சொதியைக் கோப்பையில் வாங்கிக் குடித்தார், யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக்கு நிகரில்லை என்றார். யாழ்ப்பாணத்தில் அவர் சாப்பிட்டது முழுவதும் தூதரகத்தார் கொண்டுவந்த டின் மீன்.

விஷயம் இதுதான். பதிப்பாளர் சாட்சி கேட்கிறார். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் ஏற்பாடாகியிருக்கிறது. ரொறன்ரோவில் அப்போது தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம், ஆனாலும் சங்கத்துக்குத் தலைவர், பொன்னாடை எல்லாம் உண்டு. பதிப்பாளருக்காகச் சாந்தியின் பேராசிரியர் வந்து முன்வரிசையில் இருப்பார். அங்கே நான் எழுந்து, அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சொல் நீனாவின் வாய்த் தவறு அல்லவா என்று கேட்டேன்.

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?" என்றார்.

"அவளுக்கும் தெரியும்."

"அவள் அங்கே இருக்கிறாள். கதைக்கு ஒரு வில்லன் வேண்டும், மிஸ்டர் கந்தையா. நீயும் படம் பார்த்தவன்தானே."

பிறகு சாந்தியின் பக்கம் திரும்பி, கோடையில் மேற்கு மாகாணத்துக் கோதுமை வயல்களில் ஒரு படம் எடுக்கப் போவதாகவும், அவளை உதவி இயக்குநராகக் கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னார். என் முன்னால் அதைச் சொன்னது தற்செயல் அல்ல. சாந்தியின் முகத்தை நான் பார்த்தேன். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

அவர் படியிறங்கிப் போன பிறகு அவள் சொன்னாள்: "அப்பா, ஓம் எண்டு சொன்னால் காணும். ஹூ கெயர்ஸ் அபௌட் வன் லெட்டர்?"

"அந்த ஒரு எழுத்தாலைதான் அந்தப் பிள்ளையின்ரை வேலை போனது. இனி அவளுக்கெண்டு மிஞ்சினது பெயர் ஒண்டுதான். அதையும் இவர் கேக்கிறார்."

"என்ரை வேலையும் போகும். தெரியும்தானே?"

தெரியும் என்றேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி மிச்ச இடியப்பத்தை மூடி வைத்துக்கொண்டே, "மனுசன் நல்லாச் சாப்பிட்டார்" என்றாள். அதில் எத்தனை அர்த்தம் இருந்தது என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

6

கூட்டம் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். ஆங்கிலம் ஓடாத பெரியவர்களும் வந்திருந்தபடியால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. தலைவர் பொன்னாடை போர்த்தினார். ஒரேஷின் அதை ரோமாபுரிச் சக்கரவர்த்தியைப் போல் இழுத்து விட்டுக்கொண்டு பேசினார். மதகுருப் பாட்டனார் வந்தார், துப்பாக்கி முனை வந்தது, உளவாளி நீனா வந்தாள். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லி, முடிவில் 'என்கிறார்' என்று சேர்த்தேன். என் கையில் இருந்த ஆயுதம் அது ஒன்றுதான்.

கடைசியில் அவர் என் தோளில் கை போட்டு, "அன்று நான் சொன்ன சொல்லை இந்த நண்பர் உங்கள் மொழியிலேயே சொல்லுவார்" என்றார்.

நான் ஒலிபெருக்கியைக் கிட்ட இழுத்தேன். முதலில் பௌதிக ஆசிரியரின் கேள்வியைச் சொன்னேன். பிறகு சொன்னேன்:

"அதுக்கு இவர் சொன்ன மறுமொழி, படத்தை நானே திருத்தினேன் எண்டதுதான். தமிழ் படிச்சு வந்த அந்தப் பிள்ளை வாய் தடுக்கித் திருந்தினேன் எண்டிட்டுது. சனம் கைதட்டினது அந்தப் பிள்ளையின்ரை பிழைக்கு. அடுத்த நாள் காட்டிக் குடுத்தது அந்தப் பிள்ளை இல்லை, இவர். நான் பக்கத்திலை நிண்டனான்."

பின்னாலிருந்து ஒரு குரல், யாரென்று தெரியவில்லை, ஆனால் கேட்டவுடன் பருத்தித்துறைக்காரர் என்று தெரிந்தது: "அண்ணை, ஸ்டேஷனிலை எத்தினை மாதம் நிண்டவ எண்டு இப்பவாவது கேட்டுச் சொல்லுங்கோவன்."

மண்டபம் சிரித்தது. ஊரில் சிரித்த அதே சிரிப்பு. சிலர் கையும் தட்டினார்கள்.

ஒரேஷின் வலக்கையை நெஞ்சில் வைத்து, பொன்னாடை நழுவாமல், இடுப்பை வளைத்து வணங்கினார்.

முன்வரிசையில் பேராசிரியர் சாந்தியின் பக்கம் சாய்ந்து, உன் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். 'ஆமோதித்தார்' என்று ஒரு சொல் சொன்னால் அவளுக்குக் கோதுமை வயல்கள் கிடைக்கும். மண்டபத்தில் எவரும் மறுத்திருக்க மாட்டார்கள், எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரர் முன்னால் அப்படிச் செய்வதில்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன். அதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவள் எழுந்து நின்று, முறியாத ஆங்கிலத்தில், ஒன்று விடாமல் சொன்னாள். இரண்டு தமிழ்ச் சொற்களையும் சொல்லிக் காட்டினாள். இரண்டாவதில் நாக்குச் சற்றுத் தடுக்கியது, திரும்பச் சொல்லிச் சரிசெய்தாள்.

பேராசிரியர் ஒரேஷினைப் பார்த்தார். ஒரேஷினுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். "இது மொழிபெயர்ப்பில் வந்த கோளாறு" என்றார்.

7

திங்கட்கிழமை சாந்திக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோடை முழுவதும் அவள் ஒரு டோனட் கடையில் நின்றாள். என்னோடு அதிகம் பேசவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள், அவளுடைய இடத்தில் தட்டச்சு செய்யும் தோழியைப் பார்த்துவிட்டு வந்தாள். புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். யாழ்ப்பாண அத்தியாயம் இல்லை. அந்தப் பேச்சும் கைதட்டலும் இப்போது தென் அமெரிக்காவில் ஒரு நகரத்தில் நடக்கின்றனவாம். அங்கே மொழிபெயர்ப்பாளர் எவரும் இல்லை, ஒரேஷின் நேராகவே ஸ்பானிய மொழியில் பேசினாராம். நீனா என்ற பெயர் புத்தகத்தில் எங்கும் இல்லை.

சாந்தி கோட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினாள். அதன் தோளில் அந்த ஆண்டின் முதற்பனி ஒட்டியிருந்தது.

"திருத்திப்போட்டார் அப்பா," என்றாள்.

எழுத்துச் சரியாக விழுந்திருந்தது.